கண்ணுக்குள் ஊசி போடச் சொல்லும் முன் டாக்டர் என்ன பார்க்கிறார்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 54. 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஆறு மாதமாகக் கண் மங்கல் என்கிறார். கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றியும் தெளியவில்லை. ஊரில் நடந்த முகாமில் புரை என்றார்கள். மதுரைக்குக் கூட்டிப்போனால், புரை கொஞ்சம்தான், விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், முதலில் மாதம் ஒன்றாக மூன்று என்கிறார்கள். அரை நாள் உட்கார வைத்து ஏதேதோ ஸ்கேன் எடுத்தார்கள். எதற்கென்று புரியவில்லை. ஊசி போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நெல் அறுப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அறுத்துவிட்டுப் போகலாமா? உங்களுக்கும் கண்ணில் ஊசி போட்டதாக ஒரு இதழில் எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அறுப்பு முடியட்டும் என்று நீங்களாக முடிவு செய்து இருந்துவிடாதீர்கள். 'இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் இந்தக் கண்ணுக்கு என்ன ஆகும்?' என்று அந்த டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். நான் பயிருக்கு வைத்தியம் சொல்பவன். எந்த மருந்து, எத்தனை ஊசி என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் என் இடது கண்ணில் ஐந்து ஊசி போட்டிருக்கிறது. ஒவ்வொரு சோதனையின்போதும் 'இது எதுக்கு டாக்டர்?' என்று கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நெல் மஞ்சளாகிறது என்று அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அடியிலையா, குருத்திலையா என்றுதான். தழைச்சத்து குறைந்தால் அடியிலை மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் குருத்து வெளுக்கும். துங்ரோ நோயிலும் மஞ்சள், வேர் அழுகினாலும் மஞ்சள். எல்லாவற்றுக்கும் யூரியாவை அள்ளி வீசினால் காசும் போகும், பயிரும் போகும். கண் மங்கலும் இதே கதைதான். பவர் மாறினாலும் மங்கும், புரை விழுந்தாலும் மங்கும், கண் நரம்பு கெட்டாலும் மங்கும், விழித்திரை வீங்கினாலும் மங்கும். ஊசி இதில் கடைசி வகைக்குத்தான் உதவும். விழித்திரைக் கோளாறு எல்லாவற்றுக்குமே கூட ஊசி இல்லை. நடுவில் ஓட்டை விழுந்திருந்தாலோ, விழித்திரை பிய்ந்து வந்திருந்தாலோ ஆபரேஷன்தான். அதனால்தான் அந்த அரை நாள்.

முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்க வேண்டும். 6/60 என்று சீட்டில் எழுதியிருந்தால், நல்ல கண் 60 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில் வந்துதான் படிக்கிறார் என்று அர்த்தம். பிறகு சின்னச் சின்ன ஓட்டை போட்ட ஒரு தட்டைக் கண்முன் பிடித்து மறுபடி படிக்கச் சொல்வார்கள். விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் முக்கியமான சோதனை. ஓட்டை வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெளிந்தால் கோளாறு பெரும்பாலும் பவரில். கண்ணாடி போட்டால் சரியாகும். தெளியாவிட்டால் கோளாறு உள்ளே இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணாடிக்குச் செலவு செய்தும் பலன் இல்லாமல் போனது இதனால்தான் இருக்கும்.

அடுத்து கண்ணின் நீர் அழுத்தம் பார்ப்பார்கள். முகவாயைத் தாங்கியில் வைத்து ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் வெளிச்சக் கோடு போட்டு, கருவிழி, புரை எல்லாம் பார்ப்பார்கள். பிறகு சொட்டு மருந்து. கண்மணி விரிவதற்காக ஊற்றுவது அது. சாவித் துவாரம் வழியே அறைக்குள் பார்ப்பதற்கும், கதவைத் திறந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். விரிய அரை மணி நேரம் ஆகும். சிலருக்கு இரண்டு மூன்று தடவை ஊற்ற வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு மெதுவாகத்தான் விரியும், எனக்கும் அப்படித்தான். விரிந்த பிறகு நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை தெரியாது, வெயில் கண்ணைக் குத்தும். பைக்கில் தனியாகப் போகாதீர்கள். நான் ஒரு தடவை போய்விட்டு, திரும்பும்போது எதிரே வந்த டிராக்டர் நிழலாகத்தான் தெரிந்தது. வண்டியை ஒரு டீக்கடையில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

கண்மணி விரிந்ததும் டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்துக்கொண்டு, மேலே பார், கீழே பார் என்பார். விழித்திரையை ஓரம் வரை பார்க்கிறார். உயிரோடு இருக்கும் மனிதனின் விழித்திரையைத் தெளிவாகப் பார்க்கும் கருவியை ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் கொண்டுவந்ததே 1851-ல்தான். உடம்பை அறுக்காமல் ரத்தக் குழாயை நேராகக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் இது ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார். சர்க்கரையால் குழாய் கெட்டிருந்தால் சிவப்புப் புள்ளிகளாக ரத்தக் கசிவும், மஞ்சள் திட்டுகளாகக் கொழுப்புப் படிவும் தெரியும். அதைவிட மோசமான நிலையில், ரத்த ஓட்டம் கிடைக்காத இடங்களிலிருந்து வரும் ஒரு தூண்டுதலால் புதுக் குழாய்கள் முளைக்கும். புதுசு என்றால் நல்லது என்று நினைக்காதீர்கள். அவை நொய்மையானவை, உடைந்து ரத்தம் கொட்டும்.

இதற்குப் பிறகுதான் நீங்கள் கேட்ட ஸ்கேன். ஓ.சி.டி. என்பார்கள். ஒரு பெட்டிக்குள் தெரியும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். கண்ணைத் தொடுவதில்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை, வெளிச்சம்தான். உள்ளே போன வெளிச்சம் விழித்திரையின் ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்புவதை வைத்துக் குறுக்குவெட்டுப் படம் போட்டுக் கொடுக்கிறது. வயலில் குழி வெட்டி, மேல்மண் எவ்வளவு, களி எவ்வளவு, சுக்கான் எங்கே ஆரம்பிக்கிறது என்று பக்கவாட்டில் பார்ப்போம் அல்லவா, அது போல. மேலே நின்று பார்த்தால் ஈரம் தெரியாது, குழியில் தெரியும். 1991-ல் அமெரிக்காவில் இந்த முறையை முதலில் வெளியிட்டார்கள். இன்று நம் ஊர்ப் பக்கத்துப் பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இருக்கிறது.

நல்ல விழித்திரையின் நடுவில், நாம் எழுத்துப் படிக்கவும் முகம் அடையாளம் காணவும் பயன்படும் இடத்தில், படத்தில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும். அந்த இடத்தின் கனம் சுமார் கால் மில்லிமீட்டர். மைக்ரான் கணக்கில் எழுதுவார்கள்; 1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். நீர் கோத்திருந்தால் பள்ளம் மேடாகிவிடும், உள்ளே கறுப்புக் குமிழிகள் தெரியும். என் முதல் படத்தில் மேடு மட்டும்தான் இருந்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு எடுத்த படத்தில் பள்ளம் திரும்பியிருந்தது. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நீங்களும் கேளுங்கள், அம்மா. 'நீர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்' என்று கேட்டால் எந்த நல்ல டாக்டரும் முகம் சுளிக்க மாட்டார். படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊசி தேவையா என்று முடிவு செய்ய அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நீர் இருந்தால் உடனே ஊசி என்பதும் இல்லை. நீர் நடுப்பகுதியில் இருக்கிறதா, ஓரமாகவா, பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சேர்த்துப் பார்க்கிறார்கள். பார்வை நன்றாக இருந்தால் ஊசி போடாமல் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதும் உண்டு. பார்வைக்கான அடுக்குகளே அழிந்துபோயிருந்தால், நீரை வற்றவைத்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. அதையும் ஸ்கேன் ஓரளவு காட்டிவிடும். ஊசி போட்டால் எவ்வளவு தேறும் என்று டாக்டர் சொல்வது இதை வைத்துத்தான்.

சிலருக்குக் கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதை வரிசையாகப் படம் எடுப்பார்கள். ஆஞ்சியோகிராம் என்றதும் இதயத்துக்கு என்று பயந்துவிட வேண்டாம், இது கண்ணுக்கு. எங்கே கசிகிறது, எங்கே ரத்தமே போகவில்லை என்று தெரியும். கொஞ்ச நேரம் குமட்டல் வரலாம். ஒரு நாள் தோலும் சிறுநீரும் மஞ்சளாக இருக்கும், காமாலை இல்லை. மருந்து ஒவ்வாமை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை. எனக்கு எடுக்கவில்லை.

கூடவே ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகம் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். உடம்பில் சர்க்கரையும் பிரஷரும் அடங்காமல் இருந்தால் கண்ணில் ஊற்றுகிற மருந்துக்கு வேலை கூடும். சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வந்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். முகாமில் புரை என்று சொன்னதும் பொய்யாக இருக்காது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நடுவிழித்திரை வீங்கியிருக்கும்போது புரையை மட்டும் எடுத்தால் வீக்கம் கூடக்கூடும் என்பதால் மதுரை டாக்டர் ஊசியை முன்னால் வைத்திருக்கலாம்.

ஊசியைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். மரத்துப்போகச் சொட்டு ஊற்றி, அயோடின் மருந்தால் கண்ணைச் சுத்தம் செய்து, வெள்ளை விழியில், கருவிழி ஓரத்திலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தள்ளிக் குத்துகிறார்கள். அழுத்துவது போலத்தான் எனக்கு இருந்தது. சில விநாடி வேலை. கிருமி தொற்றினால் கண்ணுக்கு ஆபத்து என்பது உண்மை, ஆனால் ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றுக்கு நடப்பது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை குறைந்தாலோ, ராத்திரியானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சொந்தக்காரர்கள் சொல்லும் கதைகளில் பல, ஊசியால் போன கண் அல்ல, ஊசிக்கு நேரம் கடந்து போன கண்.

செலவு விஷயத்தில் வெட்கப்படாமல் பேசுங்கள். பெவாசிசுமாப் என்ற மருந்து குடல் புற்றுநோய்க்காக வந்தது. ஒரு குப்பியைச் சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவதால் விலை குறைவு. ராணிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் விலை கூடியவை. பார்வை குறைவு லேசாக இருக்கும்போது மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன, பார்வை அதிகம் குறைந்திருந்தால் முதல் வருடத்தில் அஃப்லிபர்செப்ட் கூடுதல் பலன் தருகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எங்களால் இவ்வளவுதான் முடியும், இதில் எது சரிப்படும் என்று கேளுங்கள். முதல் ஊசிக்கே நகையை எல்லாம் வைத்துவிட்டு, மூன்றாவது ஊசிக்குப் போகாமல் நின்றுவிடுவது நல்லதல்ல. மூன்றோடு முடியாமலும் போகலாம், மனதில் வையுங்கள்.

அறுப்பு விஷயம் மறுபடி. என் அக்காள் கணவருக்கும் இதே நோய். ஊசி போடச் சொன்னபோது ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வரும் நேரம். வெட்டு முடியட்டும் என்றார். உத்தரவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, இவரும் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலையில் வலது கண் முன்னால் புகை போல இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் கண்ணுக்குள் ரத்தம் நிறைந்து, விளக்கு அடித்தும் டாக்டருக்கு விழித்திரையே தெரியவில்லை. வயிற்றுக்கு எடுப்பது போன்ற ஒலி ஸ்கேனை இமை மேல் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. விழித்திரை இழுபட்டுப் பிரிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். இன்றைக்கு அந்தக் கண்ணுக்கு முன்னால் கை அசைந்தால் தெரியும், அவ்வளவுதான். கரும்புக்குப் பணம் வந்தது, அந்த ஆபரேஷனுக்கே சரியாகப் போயிற்று.

உங்கள் நெல்லுக்கு இயந்திரம் வரும், இல்லை என் மச்சான், பங்காளி யாராவது வந்து நிற்பார்கள் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இப்போது ஆரம்பித்தால் இரண்டு ஊசி அறுப்புக்கு முன்பே முடிந்துவிடும். மூன்றாவது மட்டும் அறுப்போடு மோதலாம். ஊசி போட்ட பிறகு சில நாள் தலைக்குக் குளிக்காமல், தூசியில் நிற்காமல் இருக்கச் சொல்வார்கள். களத்து வேலை ஆகாது. அந்தத் தேதியை மட்டும் டாக்டரிடம் பேசிக் கொஞ்சம் முன்னே பின்னே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 47. ஆறு வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். பேப்பர் நன்றாகப் படிக்கிறேன். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். இனி சோதனை தேவையா?

- விவசாயி, தருமபுரி மாவட்டம்

பதில்: கடையில் உள்ள கம்ப்யூட்டர் உங்கள் கண்ணின் பவரை மட்டும் அளக்கிறது. விழித்திரையைப் பார்ப்பதில்லை. சர்க்கரைக் கண் நோய் ஆரம்பத்தில் பார்வையில் ஒன்றுமே காட்டாமல் இருக்கலாம். எனக்குக் கண்டுபிடித்ததே, அக்காள் கணவருக்குத் துணைக்குப் போனபோது நானும் கண்ணில் மருந்து ஊற்றிப் பார்த்துக்கொண்டதால்தான். அன்றைக்குக் காலையில் நானும் பேப்பர் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். சர்க்கரை என்று தெரிந்தவுடன் ஒரு தடவை, பிறகு வருடம் ஒரு தடவை, விழித்திரைச் சோதனை செய்ய வேண்டும். சில இடங்களில் சொட்டு மருந்து இல்லாமலே விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா இருக்கிறது, முதல் சோதனைக்கு அது போதும்.

இடையில் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். வாரம் ஒரு தடவை, படிக்கிற கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்ட கணக்கு நோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அதையே பாருங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். கோடு வளைந்து தெரிந்தாலோ, நடுவில் கட்டம் அழிந்தது போல இருந்தாலோ அந்த வாரமே விழித்திரை டாக்டரிடம் போங்கள். ஆறு வருடமாக ஒரு தடவையும் மருந்து ஊற்றிப் பார்க்கவில்லை என்றால், கோடு நேராகத் தெரிந்தாலும் இந்த மாதமே போய்விட்டு வாருங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, பஸ்ஸில்.