கிறுக்கலுக்கு ஒரு வக்காலத்து

தமிழில் 'கிறுக்கு' என்றால் கோடு இழு என்றும் பொருள், புத்தி பேதலிப்பு என்றும் பொருள். பாஷையே தீர்ப்பை எழுதி வைத்திருக்கும்போது ட்ராயிங் மாஸ்டர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். ஆனாலும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் திருத்தணியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு ஓவியப் போட்டி. தலைப்பு 'எங்கள் ஊர்'. நடுவர்களில் நானும் ஒருவன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் அதே மலை, அதே கோபுரம், மூலையில் பாதிச் சூரியன், ஒரு மயில். ஒரு பையன் மட்டும் கணக்கு நோட்டில் கிழித்த தாளில் பால்பாயிண்ட் பேனாவால் சுழித்திருந்தான். பெருக்கல் கணக்கின் மேல் ஏறிய கோடு படிக்கட்டாகி, படிக்கட்டு காவடி வளைவாகி, வளைவுக்குள் தமிழும் தெலுங்குமாகக் கடைப்பலகை எழுத்துகள். ஓரத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை ஒட்டியிருந்தான். கிறுக்கல் என்று சொல்லி அமைப்பாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். என் ஆட்சேபம் எடுபடவில்லை. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. வந்த தாள்களில் அந்த ஒன்றில்தான் ஊர் இருந்தது.

அமைப்பாளர்களுக்கு ஒரு தகவல். கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது, 1963-இல், 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். அதற்குத் தூண்டுதல் ஒரு கணித மாணவனின் நோட்டுப் பக்கம். எண்கள், அட்சரங்கள், ஜியோமிதிக் கோடுகள், கட்டங்கள். அங்கிருந்து ஜாதகக் கட்டத்துக்கும், வாசிப்பதற்கென்று எழுதப்படாத மலையாள எழுத்துக்கும் அவர் போய்ச் சேர்ந்தார். தாகூர் அதற்கும் முந்தியவர். 1924-இல் 'பூரபி' கவிதைகளின் கைப்பிரதியில் அடித்த வரிகளைக் கோடிழுத்து இணைக்க, அவை பறவையாகவும் பெயரற்ற பிராணியாகவும் எழுந்தன. 1930-இல் பாரிஸில் அவருடைய சித்திரங்கள் காட்சிக்கு வந்தன. நம் போட்டிகளில் இருவருக்கும் ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திராது.

இதைப் படித்ததும் இன்னொரு கூட்டம் கைதட்டும். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. கிறுக்கல் ஆழ்மனத்தின் அசரீரி, அதில் கைவைப்பது பாவம் என்பவர்கள். டெலிபோனில் பேசிக்கொண்டே சுழித்ததன் மேல் நாலு துண்டுச் சணலையும் கண்ணாடிச் சில்லையும் ஒட்டிச் சட்டம் போட்டு, 'மிக்ஸ்டு மீடியா' என்று விலைச்சீட்டு கட்டுபவர்கள். மாஸ்டர் கையைக் கட்டினார் என்றால் இவர்கள் கண்ணைக் கட்டுகிறார்கள்.

கை தன் போக்கில் போய்வந்த பிறகு கண் வர வேண்டும். எந்தக் கோட்டை வைத்துக்கொள்வது, எதை வர்ணத்தில் மூழ்கடிப்பது என்று தீர்மானிக்கிற இடத்தில்தான் ஓவியன் பிறக்கிறான். அந்தத் தீர்மானத்துக்குப் பொருள்களின் சுபாவம் தெரிய வேண்டும். மெழுகுக் க்ரேயான் கோட்டின் மேல் நீர்வர்ணம் பூசினால் மெழுகு நீரைத் தள்ளும். அடியிலிருக்கும் கோடு மேலே வந்து பேசும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வர்ணம் நிற்கும். எண்ணெயின் மேல் போட்ட அக்ரிலிக் நாளடைவில் உரிந்துவிடும். பால்பாயிண்ட் மசி வெளிச்சத்தில் வெளுக்கும். காப்பாற்ற விரும்பும் கோட்டை இந்திய மசியில் மறுபடி இழுத்தாக வேண்டும். இது தெரியாதவன் சுதந்திரம் என்று சொல்வதற்கு என் அகராதியில் சோம்பல் என்று பெயர்.

வடக்கே காளஹஸ்தியில் கலம்காரிக்காரர்களைப் பாருங்கள். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் புளியங்குச்சிக் கரியால் முதல் கோட்டைப் போடுகிறார்கள். பிறகு மூங்கில் கலத்தால், இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு. அவர்கள் கிறுக்குவதில்லை, புராணக் கதை மனப்பாடம். ஆனால் முதல் கோட்டுக்கு எவ்வளவு மரியாதை, அதை எப்போது விட்டுவிடுவது என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். நம் கலைக்கூடங்களில் இந்தப் பாடம் எந்த வகுப்பில் நடக்கிறது?

என் கோரிக்கை பெரிதல்ல. போட்டியில் தலைப்பை எடுத்துவிடுங்கள். முதல் அரைமணி பிள்ளைகள் இஷ்டத்துக்குச் சுழிக்கட்டும். அடுத்த ஒரு மணி, மசியும் மெழுகும் பழைய பஞ்சாங்கத் தாளும் பசையும் கொடுத்து, 'இதை என்ன செய்யப்போகிறாய்?' என்று கேளுங்கள். பரிசு கொடுப்பதும் கொடுக்காததும் அதற்கப்புறம்.