ஒட்டலும் எடுத்தலும்

மறதி மக்களுக்கு இயற்கை. அதனை வெல்ல அவர்கள் கண்ட வழிகள் பல. கடைக்குச் செல்லும் பாட்டியார் முந்தானையில் ஒரு முடிச்சு இட்டுக்கொள்வார். முடிச்சைக் கண்டதும் வாங்க வேண்டிய பொருள் நினைவுக்கு வரும். வீடு திரும்பியதும் அதனை அவிழ்த்துவிடுவார். அவிழ்க்காவிடின், அது எதற்காக இட்ட முடிச்சு என்பதே மறுநாள் விளங்காது அன்றோ?

இக்காலத்தில் அம்முடிச்சின் வேலையைக் கணினித் திரையில் தோன்றும் ஒட்டுச்சீட்டுகள் செய்கின்றன. அவற்றுக்கு முன்னோடி காகிதச் சீட்டே. 1968ஆம் ஆண்டில், அமெரிக்காவில் த்ரீ எம் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்பென்சர் சில்வர் என்னும் வேதியியல் அறிஞர் வலிய பசை ஒன்றை ஆக்க முயன்றார். கிடைத்ததோ, மெல்ல ஒட்டி எளிதில் பிரியும் பசை. அதன் பயன் சில ஆண்டுகள் வரை விளங்கவில்லை. அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்ட் ஃபிரை என்பவர் தேவாலயத்தில் பாடும் குழுவைச் சேர்ந்தவர். பாட்டு நூலில் அவர் அடையாளமாக வைத்த தாள்கள் நழுவி விழுந்துகொண்டே இருந்தன. அப்பசையைத் தாளில் தடவினால், நூலுக்குத் தீங்கின்றி ஒட்டவும் எடுக்கவும் கூடும் என்று 1974இல் அவர் எண்ணினார். 1980இல் ஒட்டுச்சீட்டு அமெரிக்கா எங்கும் விற்பனைக்கு வந்தது. குறை என்று கருதப்பட்ட மென்மையே அதன் சிறப்பாயிற்று.

1994இல் ஆப்பிள் கணினிகளிலும், பின்னர் விண்டோஸ் கணினிகளிலும் அச்சீட்டு இடம்பெற்றது. திரைச்சீட்டில் எழுதியதைத் திருத்தலாம், அது காற்றில் பறப்பதில்லை, தாளும் வீணாவதில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. காகிதச் சீட்டு பசை உலர்ந்து ஒருநாள் தானே விழும். திரைச்சீட்டோ நாம் அழிக்கும்வரை விழாது. ஆகவே, அதனை நீக்கும் கடமை முழுவதும் நம்முடையதாகிறது.

இதனை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. மாணவன் ஒருவன் உதவித்தொகைக்காக என்னிடம் நற்சான்று கேட்டிருந்தான். ‘வெள்ளிக்கிழமைக்குள் சான்று’ என்று எழுதித் திரையில் வைத்தேன். அங்கே முன்பே இருபதுக்கு மேற்பட்ட சீட்டுகள் இருந்தன. அவற்றுள் பாதி, முடிந்துபோன செயல்களுக்கு உரியவை. நாள்தோறும் அவற்றைப் பார்த்துப் பழகிய என் கண்கள் ஒன்றையும் படிக்கவில்லை. திங்கட்கிழமை அவன் என் முன் வந்து நின்றபோதுதான் எனக்கு நினைவு வந்தது. “போகட்டும், ஐயா” என்றான். அவ்வாண்டு அவனுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. எழுதி வைத்திருந்தேன் என்பது என் குற்றத்தைச் சிறிதும் குறைக்கவில்லை.

குறிப்பு எழுதுவதே நினைவாற்றலைக் கெடுக்கும் என்பர் சிலர். அதனை நான் ஒப்பவில்லை. கேடு எழுதுவதில் இல்லை. எழுதியதையே செய்து முடித்ததாகக் கருதுவதில்தான் இருக்கிறது. திருவள்ளுவர் ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையில் சோர்ந்துவிடுதலை அவர் அங்கே கடிகின்றார். எழுதிவிட்டோம் என்னும் மகிழ்ச்சியில் சோர்தலும் அத்தகையதே.

மாணவர்களே! கணினியில் குறிப்பு எழுதுங்கள். ஆனால் அளவோடு எழுதுங்கள். ஐந்து சீட்டுகளுக்கு மேல் திரையில் வேண்டா. செய்யவேண்டிய செயலையும் அதற்குரிய நாளையும் தெளிவாகக் குறியுங்கள். பிறர் காணக்கூடிய அவ்விடத்தில் கடவுச்சொல்லை எழுதாதீர்கள். மாலைதோறும் முடிந்தவற்றை நீக்குங்கள். முடியாதவற்றை மீண்டும் ஒருமுறை படியுங்கள். முடிச்சு இடுதல் எளிது. உரிய காலத்தில் கடமையை முடித்து அதனை அவிழ்ப்பவரே, பிறர் தம்மை நம்பத்தக்கவர் ஆவர்.