நாளையிலிருந்து வர வேண்டாம்!

விடிவதற்கு முன்பே ராசிங்காபுரத்தில் ஜீப் ஹாரன் கேட்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். போடி, முந்தல், போடிமெட்டு என்று மலையேறி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்புவார்கள். உங்கள் வீட்டுப் பாயசத்தில் மணக்கிற ஏலக்காயில் இவர்கள் எடுத்ததும் இருக்கலாம்.

ஒரு நாள் காலை, தோட்டத்து கேட்டில் ஒரு பெண்ணை மட்டும் நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "போன வாரக் கூலி எப்போ வரும்?" என்று முந்தின நாள் கேட்டவர் அவர். சூபர்வைசர் அவரிடம் பேசக்கூட மாட்டார். ஆள் கூட்டி வந்தவரிடம், "நாளையிலிருந்து இந்தம்மாவை ஏத்திட்டு வராதே" என்பார். அவ்வளவுதான். தோட்டக்காரரைக் கேட்டால், "அது ஜீப்காரர் ஆளு. நான் எங்கே வேலையை விட்டு எடுத்தேன்?" ஜீப்காரரைக் கேட்டால், "நான் என்னக்கா பண்றது? மொதலாளி வேணாங்கிறாரு."

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். உழைப்பை வரவு வைத்துக்கொண்டு, பொறுப்பை எந்தப் பக்கத்திலும் எழுதாவிட்டால் அது பொய்க் கணக்கு.

சுப்ரீம் கோர்ட் இதை 1978லேயே சொல்லிவிட்டது. கோழிக்கோட்டில் கயிறு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 29 பேருக்கு வேலை மறுக்கப்பட்டது. அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள் என்றார் முதலாளி. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. உழைப்பு யாருடைய தொழிலுக்குப் போகிறது, பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்று திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். 2001ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கு அந்தக் கதவைப் பாதி சாத்தியது. கான்ட்ராக்ட் முறையைத் தடை செய்தாலும் தானாக நிரந்தர வேலை கிடைத்துவிடாது என்றது. ஆனால் கான்ட்ராக்ட் வெறும் நாடகம் என்று நிரூபித்தால், தொழிலாளி முதலாளியின் ஆள்தான்.

நிரூபிக்க என்ன இருக்கிறது அந்தப் பெண்ணிடம்? ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

1970ம் வருட கான்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பாயும். 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது 50 ஆகிவிட்டது. ஒரு ஜீப்பில் 50 பேரை ஏற்ற முடியுமா? ஏற்றினால் போலீஸ் பிடிக்கும்! சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து வேலை வாங்குகிறவருக்கு அரசே தந்த சலுகை இது.

ஆனாலும் ஒரு பிடி மிச்சமிருக்கிறது. ஊதியச் சட்டத் தொகுப்புக்கு இந்தத் தலை எண்ணிக்கை கிடையாது. வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிக் கூலியைத் தர வேண்டும். கான்ட்ராக்டர் தராவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு. அந்தம்மாவுக்கு இதை யார் சொல்வது?

முல்லைப் பெரியாறு பிரச்னை வெடித்த 2011 டிசம்பரில், தேனி மாவட்டக் கூலிக்காரர்கள் மலையேற முடியாமல் முடங்கினார்கள். இரண்டு மாநிலமும் அதைப் பேசியது. ஊரே தடுக்கப்பட்டால் செய்தி. ஒருத்தி தடுக்கப்பட்டால் சத்தமே இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்தின் பெயரும் தேதியும் போட்டு தினமும் ஒரு வருகைச் சீட்டு. கேட்டில் திருப்பி அனுப்பினால், காரணம் எழுதி ஒரு கையெழுத்து.

கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி. "இந்த வாட்ச்மேன் சரியில்லை, நாளைக்கு வேற ஆளை அனுப்புங்க" என்று உங்கள் அபார்ட்மென்ட் சங்கம் ஏஜென்சிக்கு போன் செய்ததுண்டா? போடிமெட்டுக்கு அந்தப் பக்கம்தான் அந்த முதலாளி இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.