சதைப் பரிசோதனைக்கு ரத்தம் மாற்றா?

"ரத்தம் கொடுத்தாலே புற்றுநோய் தெரிந்துவிடும், சதை எடுத்துப் பார்ப்பதெல்லாம் எதற்கு?" முழு உடல் பரிசோதனைத் திட்டங்கள் பெருகிய பிறகு பலரும் சொல்லும் பேச்சு இது. ராணிப்பேட்டையில் இதற்குக் காது கொடுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. சிப்காட்டில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமேட்டைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. பயம் நியாயம்தான், தேடும் வழிதான் தவறு.

ரத்தப் பரிசோதனையில் எண் கூடினால் புற்றுநோய் என்கிறார்கள். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் புரதம். வயதில் சுரப்பி வீங்கினாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் அது ஏறும். அது 4 முதல் 10 வரை உள்ளவர்களுக்குச் சதை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய்.

சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனை இன்னும் ஏமாற்றும். வயிற்றில் நீர் கோத்து, இந்த எண்ணும் எகிறிய பெண்ணுக்குச் சூலகப் புற்றுநோய் என்று வீடே அழத் தொடங்கிவிடும். அது வயிற்றுக் காசநோயாகவும் இருக்கலாம். காசம் மலிந்த நம் நாட்டில் அப்படி நேர்வது புதிதல்ல. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சதைதான். காசம் என்று தெரிந்தால் பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் குணம். அந்த எண்ணை மட்டும் நம்பி வயிற்றைக் கிழித்தால் யார் பொறுப்பு?

எண் சரியாக இருந்தால் கவலையில்லை என்பதும் பொய். 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பி.எஸ்.ஏ. 4க்குள் இருந்த ஆண்களிலேயே சுமார் 15 சதவீதம் பேருக்குச் சதையில் புற்றுநோய் தெரிந்தது.

ரத்தத்தில் குரோமியம் பார்த்தால்? உடம்பில் குரோமியம் ஏறியிருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும்; நோயைச் சொல்லாது. ஆறு இணைதிறன் கொண்ட (ஹெக்சாவேலன்ட்) குரோமியத்தை மூச்சில் இழுத்தவருக்கு நுரையீரலில்தான் ஆபத்து. விடாத இருமல் இருந்தால் முதலில் மார்புப் படம் எடுங்கள்.

சதை எடுக்கும் ஊசி பட்டால் புற்று பரவும் என்ற பயம் வேறு. அது மிக அரிது. விரை போன்ற இடங்களில் அந்த ஆபத்தைக் கருதியே மருத்துவர்கள் ஊசி குத்திச் சதை எடுப்பதில்லை.

ரத்தமே போதுமான இடங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சிறுநீரில் புரதம் கொட்டும் ஒருவகைச் சிறுநீரக நோயில் பி.எல்.ஏ.2.ஆர். எதிர்ப்பொருள் தெரிந்தால், பலருக்குச் சதை எடுக்க வேண்டாம் என்கிறது 2021இன் சர்வதேச வழிகாட்டுதல். அதுவும் மருத்துவர் முடிவு; விளம்பரத்தின் முடிவல்ல.

அறிகுறி எதுவும் இல்லாமல் 'கேன்சர் மார்க்கர்' தொகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். மருத்துவர் சதை எடுக்கச் சொன்னால், ரத்த முடிவைக் காட்டித் தட்டிக்கழிக்காதீர்கள்.