தண்ணீர் குடித்துவிட்டுப் போ, மகளே!



சென்ற இதழில் கூழ் வடகம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? “எங்கள் மாடியில் வெயிலே விழுவதில்லை, வடகம் எப்படிக் காய வைப்பது?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சமயநல்லூருக்கு வாருங்கள் அம்மா! வெயிலை மூட்டையாகக் கட்டியே கொடுத்தனுப்புகிறேன். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். பங்குனியில் ஏறும் வெயில் ஆவணியிலும் இறங்க மனசில்லாமல் நிற்கும். இந்த இதழில் அந்த வெயிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வடகத்துக்கு நல்லதாக இருப்பது நம் வீட்டுப் பெண்ணுக்கு எப்போது கெடுதலாகிறது என்பதை இந்த ஆவணியில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலமானால் ஒரு சபை கூடும். என் கொழுந்தனார், எங்க வீட்டுக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர், மூன்று பேருக்கும் சைக்கிள் பந்தயப் பைத்தியம். ஜூலை மாதம் பிரான்ஸ் நாட்டுப் பந்தயம் வந்துவிட்டால் காப்பி ஆறுவதுகூடத் தெரியாது. அன்றைக்கு அவர்களுக்குள் ஒரு வழக்கு. சுடுகிற வெயிலில் சாம்பியன் பந்தயம் வைப்பது சரியா, தப்பா?

“2016-ல கத்தார்ல உலக சாம்பியன் பந்தயம் வச்சாய்ங்கல்ல மதினி, அதைப் பாத்திருக்கணும் நீங்க! பாலைவனத்துக்குள்ள 257 கிலோமீட்டர். பீட்டர் சாகன் ரெண்டாவது வருசமா ஜெயிச்சாரு. வெயிலுன்னா எல்லாருக்கும் வெயிலுதான? மலை இருந்தா ஏறுறாய்ங்க, காத்தடிச்சா தாங்குறாய்ங்க. வெயிலும் அது மாதிரி ஒரு சோதனை” என்றார் கொழுந்தனார்.

வழக்கமாகச் செப்டம்பரில் நடக்கும் பந்தயத்தை, கத்தார் வெயிலுக்குப் பயந்து அக்டோபருக்குத் தள்ளி வைத்தார்களாம். அப்படியும் அனல்தான். அதே தோஹா நகரில் பெண்களுக்கான பந்தயத்தில் அமலி டிடெரிக்சன் என்ற டென்மார்க் பெண் ஜெயித்திருக்கிறாள். அப்போது அவளுக்கு வயது இருபது!

எங்க வீட்டுக்காரர் விடவில்லை. “மலையும் வெயிலும் ஒண்ணாடா? மலையில முடியலைன்னா இறங்கி நின்னா மூச்சு திரும்பிடும். வெயில் அப்படியில்ல. நின்ன பிறகும் அடிக்கும்” என்றார்.

இரண்டு பேருக்கும் நடுவே பெரியவர் தீர்ப்புச் சொன்னார். சர்வதேச சைக்கிள் சம்மேளனமே 2016-லிருந்து கடுமையான வானிலைக்கென்று விதிமுறை வைத்திருக்கிறதாம். புறப்படும் நேரத்தை மாற்றலாம், தூரத்தைக் குறைக்கலாம், பந்தயத்தையே நிறுத்தவும் செய்யலாம். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் நடந்த டூர் டவுன் அண்டர் பந்தயத்தில் வெயில் தாங்காமல் ஒரு நாள் தூரத்தைக் குறைத்தும் இருக்கிறார்களாம்.

கதவோரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அத்தை சிரித்தார். “இதுக்கு ஒரு சம்மேளனம் வேணுமாக்கும்! நடவுக்குப் போறவ விடியக்காலம் இறங்கி, உச்சிக்கு முன்னாடி கரையேறிருவா. வெயிலைப் பாத்து வேலையை வையுங்கப்பா.”

எல்லோரும் சிரித்தோம். அடுத்த சனிக்கிழமை அந்தச் சிரிப்பு எனக்கு மறந்துபோனது.

எங்கள் பெரியவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அறிஞர் அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி மாவட்டம்தோறும் மாணவ மாணவியருக்குச் சைக்கிள் போட்டி நடக்கும். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 15 கிலோமீட்டர். கியர் வைத்த வண்டியெல்லாம் கூடாது, சாதாரண சைக்கிள்தான். பேர் கொடுத்துவிட்டாள். சித்தப்பாவின் உபதேசம் வேறு: “வெயில்ல ஓட்டிப் பழகுனாத்தான் தாங்கும், தாயி.” பள்ளி விடுமுறையாயிற்றே என்று அந்தச் சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு தேனூர்ப் பக்கம் போனாள்.

ஒன்றேகால் மணிக்கு வாசலில் சைக்கிள் விழுந்த சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், முகம் செக்கச் சிவந்து, திண்ணைத் தூணைப் பிடித்தபடி நிற்கிறாள். “அம்மா, தலை சுத்துது. ஓட்டும்போது ஒண்ணும் தெரியலம்மா, இறங்கினதும்தான்...” என்றவள் வாந்தி எடுத்துவிட்டாள். கெண்டைக்கால் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தது.

அத்தைதான் பதறாமல் வேலையைப் பார்த்தார். நிழலில் படுக்க வைத்து, துப்பட்டாவை உருவி, உடுப்பைத் தளர்த்தி, குடத்துத் தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் கைகால்களிலும் ஊற்றி விசிறியால் வீசினார். வாந்தி அடங்கியதும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சிறு சிறு மடக்காகக் கொடுத்தோம். அரை மணியில் தெளிந்தாள். அதன் பிறகு டாக்டரம்மாவிடமும் காட்டினோம். “வெயிலில் ஏற்பட்ட சோர்வு. நல்ல வேளை, அத்தோடு நின்றது” என்றார்.

அன்று ராத்திரி அவளிடம் கேட்டேன். “ஏண்டி, பாட்டிலில் தண்ணி நிரப்பிக் கொடுத்தேனே, அப்படியே இருக்கே?”

அவள் சொன்ன பதில் என்னைச் சுட்டுவிட்டது.

“நீங்கதானம்மா சொல்வீங்க, வெளிய போறப்ப நிறையத் தண்ணி குடிக்காதேன்னு. நடுவுல ஒண்ணுக்கு வந்தா எங்க போறது? காலையில இருந்தே குடிக்கல.”

சகோதரிகளே, எனக்குப் பேச்சு வரவில்லை. ஆமாம், நான்தான் சொன்னேன். பஸ் பயணத்துக்கு, கல்யாண வீட்டுக்கு, பரீட்சைக்கு என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். என் அம்மா எனக்குச் சொன்னார், நான் இவளுக்குச் சொன்னேன். உங்களில் எத்தனை பேர் உங்கள் பெண்ணுக்கு இதையே சொல்லியிருப்பீர்கள்? வெயிலைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பாதிக் குற்றம் என் புத்திமதியில் அல்லவா இருந்தது!

“இனிமேல் சைக்கிளும் வேண்டாம், போட்டியும் வேண்டாம்” என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்களே, அதைப் பத்திரிகையில் படித்துவிட்டுத்தான் நானும் என் அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். என் பெண்ணை எப்படித் தடுப்பேன்? தடுப்பதைவிடச் சரியாகச் சொல்லிக் கொடுப்பது நல்லது என்று தோன்றியது. டாக்டரம்மாவிடமும் திண்ணைச் சபையிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகிப் போனால்தான் குளிர்கிறது. நம் மண்பானையைப் பாருங்கள். காற்றோட்டமான இடத்தில் வைத்தால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். மழைக்காலப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. உடம்பும் ஒரு பானைதான். அதனால்தான் பந்தயம் நடத்துகிறவர்கள் வெறும் வெப்பத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். வெப்பம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் புழுக்கம் மிகுந்தால் ஆபத்து.

இரண்டாவது, சைக்கிள் ஓடும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே வரும். நிறுத்தியதும் அந்தக் காற்று நின்றுவிடும், உள்ளே மூண்ட சூடு மட்டும் மிஞ்சும். “இறங்கினதும்தான் தலை சுத்துச்சு” என்று என் பெண் சொன்னது இதனால்தான். எங்க வீட்டுக்காரர் வாதமும் இதுவேதான்! ஆகவே ஓட்டி முடித்ததும் வெயிலில் நிற்காமல் நிழலுக்கு வந்து, முகம் கைகால் நனைத்து, காற்றாட உட்கார வேண்டும்.

மூன்றாவது, வெயிலுக்கு உடம்பு பழகும் என்று சித்தப்பா சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரே நாளில் பழகாது. பத்துப் பதினான்கு நாட்கள் ஆகும். முதல் நாள் இருபது நிமிஷம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. அதுவும் காலை வெயிலில் போதும், உச்சி வெயில் வேண்டாம்.

இதற்கு ஒரு பெண்ணை உதாரணம் காட்டுகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 25 அன்று பெண்களுக்கான சாலைப் பந்தயம். 137 கிலோமீட்டர், வெயிலோடு புழுக்கமும். ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோபர் தொடக்கத்திலேயே கூட்டத்தைவிட்டு முன்னே போனாள், கடைசிவரை பிடிபடவில்லை. இரண்டாவதாக வந்த நெதர்லாந்துப் பெண் தான்தான் முதல் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டாள், பாவம்! கீசன்ஹோபர் அப்போது சைக்கிளையே பிழைப்பாகக் கொண்டவள் அல்ல. கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். வெயிலுக்கு உடம்பைப் பழக்குவதையும் கணக்குப் போலத்தான் திட்டமிட்டாளாம். துணிச்சலோடு கணக்கும் வேண்டும் என்று என் பெண்ணிடம் சொன்னேன்.

இனி வீட்டுக் குறிப்புகள். வெளியே கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போய்வரவும் நேரம் இருக்கும். வழியில் தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது இரண்டு மடக்கு. பானகம், உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம் எல்லாம் நல்லவை. நிறைய வியர்த்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து வையுங்கள். உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அதேபோல வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஒரே மூச்சில் குடிப்பதும் கூடாது. இரத்தத்தில் உப்பு குறைந்து வேறு வம்பு வரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்த மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. தளர்வான, வெளிர் நிறப் பருத்தி உடுப்பு நல்லது. துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். சக்கரத்தில் சிக்கினால் விபரீதம்.

மயக்கம், வாந்தி, தசை இழுப்பு வந்தால் உடனே நிழல், தண்ணீர், விசிறி. பேச்சு குளறினால், ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால், நினைவு தப்பினால் அது வெப்ப வாதம். வியர்க்கிறதே என்று ஏமாறாதீர்கள். வியர்வையோடும் அது வரும். அப்போது வாயில் எதையும் ஊற்றாமல் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர வைப்பதை நிறுத்தக் கூடாது.

கடைசியாக, வழியில் கழிவறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் வெட்கம் என்ன? நானே போட்டிக்கு முந்தின நாள் போய் விசாரித்துவிட்டு வந்தேன்.

போட்டி அன்று காலை வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அதுபோலக் கொழுந்தனார் வாளியும் செம்புமாகச் சாலையோரம் நின்றார். வருகிற பிள்ளைக்கெல்லாம் “வேணுமா தாயி?” என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார். “மதினி, வெயிலு சோதனைதான். ஆனா தண்ணியில்லாம வைக்கிற சோதனை தப்புத்தான்” என்று அவரே ஒப்புக்கொண்டார்.

என் பெண்ணுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஒன்பதாவதாக வந்தாள். இறங்கியதும் நிழலுக்குப் போய் உட்கார்ந்தவள், பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை.

எனக்கு அதுவே கோப்பை. அடுத்த இதழில் சந்திப்போமா?