கோழி எதைப் போட்டாலும் தின்னுமா?

"கோழிதானே சார், எதப் போட்டாலும் துன்னும்." அணைக்கட்டுப் பக்கம் இது வேதவாக்கு மாதிரி. டீக்கடையில் சொல்கிறார்கள், கால்நடை மருந்தகத்து வாசலில் செத்த கோழியைக் கையில் வைத்துக்கொண்டும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சோடு எனக்குப் பல நாள் தகராறு. இன்று எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

நம் பாட்டிமார் வளர்த்த கோழிக்கு இது பொருந்தும். அது விடிந்ததும் கூடையிலிருந்து இறங்கி, எருக்குழி, வரப்பு, வேலி என்று சுற்றி, நூறு பொருளில் பத்தைக் கொத்தி மற்றதை விட்டுவிடும். இன்றைக்கு நாம் வளர்ப்பது அந்தக் கோழியா? மாடியில் கம்பிவலை அடித்து, அதற்குள் ஆறு கோழியை அடைத்து வைத்திருக்கிறோம். அடைபட்டது பசித்தால் போட்டதைத்தான் தின்னும். அதற்குத் தேர்ந்தெடுக்க வழியில்லை என்னும்போது, தேர்ந்தெடுக்கும் வேலை வளர்ப்பவருடையது. அதைத் தட்டிக் கழித்துவிட்டு "கோழிக்கே தெரியும்" என்பது, கோப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரி பேசுகிற பேச்சு. அப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வேர்க்கடலையைச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலையை மனிதருக்கு ஆகாது என்று ஒதுக்கி, அப்படியே கோழிக்குக் கொட்டுகிறோம். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் புரியாமல் முதலில் அதற்கு 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை. அந்தப் பூஞ்சை விஷத்துக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர். அது கல்லீரலைத் தாக்கும். வேகவைத்தாலும் போகாது, வெயிலில் உலர்த்தித் தட்டினாலும் போகாது. வளர்ந்த கோழி ஓரளவு தாங்கும், குஞ்சு தாங்காது. பூஞ்சை பிடித்த ரொட்டி, சோளம், பிண்ணாக்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அடுத்தது வெறும் வெள்ளைச் சோறு. 1890ஐ ஒட்டி, டச்சுக்காரர் ஆண்ட பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மான் என்ற மருத்துவர், ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தன் ஆய்வுக் கோழிகளுக்குப் போட்டார். அவை கால் துவண்டு விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைச் சாதாரணக் கோழிக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் தீட்டாத அரிசியைப் போட, கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்த சத்துதான் விஷயம். அந்த ஆராய்ச்சிக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. (சட்டம் பேசிய அந்தச் சமையல்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குமாஸ்தா ஜாதி என்றைக்கும் அப்படித்தான்.) மிஞ்சிய சோறு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு கை தவிடும் போடுங்கள். ஆம்பூர் பிரியாணி மிச்சத்தையும் ஊறுகாய் வழித்த சோற்றையும் மட்டும் போடாதீர்கள். உப்பு அதிகமானால் கோழிக்கு அது விஷம்தான்.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். கைப்பேசியில் வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, ப்ளூபெர்ரி கிடைக்குமா என்று வேலூரில் தேடுகிறவர்கள் இவர்கள். அந்தப் பட்டியலில் வெங்காயம் கூடாது என்று போட்டிருக்கும். நாமோ சின்ன வெங்காயத்தையும் கீழாநெல்லியையும் அரைத்து, கழிச்சல் கண்ட கோழிக்குக் கைமருந்தாகக் கொடுத்து வருகிறோம். மருந்தளவு வேறு, கூடையளவு வேறு, அவ்வளவுதான். ப்ளூபெர்ரிக்கு அலைவானேன்? கொல்லையில் முருங்கை இல்லையா, அகத்தி இல்லையா? பழுத்த பப்பாளி, கொய்யா, பூசணி, வெள்ளரி, தர்பூசணித் தோலில் ஒட்டிய சதை எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். முட்டையின் மஞ்சள் கரு நிறமேறுவது இந்தக் கீரையாலும் மஞ்சள் சோளத்தாலும்தான். கீரையிலும் பாலக் மாதிரியானவை அளவோடு இருக்கட்டும். அவற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓடு கெட்டியாக வேண்டுமானால் கிளிஞ்சல் தூள் வையுங்கள்.

அந்தப் பட்டியலில் உள்ள சில எச்சரிக்கைகள் நமக்கும் சரியே. பட்டர் ஃப்ரூட் முன்பு கொடைக்கானல் கீழ்மலையோடு நின்றது, இப்போது ஜூஸ் கடை வரை வந்துவிட்டது. அதன் தோல், கொட்டை, இலை எல்லாம் பறவைக்கு ஆகாது. சதையும் வேண்டாம். பச்சை படர்ந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கையும் அதன் தோலையும் போடக்கூடாது. ராஜ்மாவை ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைக்காமல் போடவே கூடாது.

பழமோ கீரையோ, மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கு போதும். முட்டையிடும் கோழி நாளைக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல் தின்னும். அதற்குமேல் தர்பூசணியால் வயிற்றை நிரப்பினால் தீவனம் அப்படியே கிடக்கும், முட்டை குறையும். பிறகு குஞ்சு விற்றவரைத் திட்டுவோம்.

பாண்டிச்சேரியில் ப்ரெஞ்சில் படித்த காலத்தில், நான்காம் ஹென்றி மன்னர் ஒவ்வொரு குடியானவன் பானையிலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழி வேகவேண்டும் என்று விரும்பினார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கோழியின் வயிற்றில் என்ன போயிற்று என்று யாரும் சொல்லித்தரவில்லை. தோல் பெல்ட்டில் வாழும் நாம் கேட்டாக வேண்டிய கேள்வி அது. டாக்காவின் ஹசாரிபாக்கில் தோல் ஷாப்புக் கழிவுச் சீவலைக் காயவைத்து அரைத்துக் கோழித் தீவனத்தில் கலந்தார்கள். குரோமியம் கலந்த தீனி அது. 2011இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. நம் பாலாற்றுக் கதையோ 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதை அதில் எழுதியிருக்கிறார்கள். எனவே கழிவுக் கால்வாய் ஓரம் தழைத்த கீரையை, சும்மா கிடைக்கிறதே என்று அறுத்து வராதீர்கள்.

காய்கறிக் கடையில் உரித்துப் போட்ட கோஸ், காலிபிளவர் மேலிலையும் அப்படித்தான். மருந்து முதலில் விழுவது அதன்மேல். காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிக்கக்கூடாது என்று அரசு தடைபோட்டு வருஷங்கள் ஆயிற்று. தடை கோப்பில் இருக்கும், இலையில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? கோழி தின்றது முட்டைக்கு வரும், அந்த முட்டையை நாட்டுக்கோழி முட்டை, உடம்புக்கு நல்லது என்று பேரப்பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கப்போவது நாம்தானே. மூட்டை கட்டிக் கொண்டுவரும்முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கேயே வைத்துவிட்டு, வரும் வழியில் ஒரு கொத்து முருங்கையை ஒடித்துக்கொண்டு வாருங்கள்.