சத்து மாத்திரைதானே!

"சத்து மாத்திரைதானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும்" என்று பலர் பி காம்ப்ளெக்ஸை மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். சிறுநீர் மஞ்சளாவது பி2 வெளியேறுவதால்தான். ஆனால் பி6 கதையே வேறு. பெரியவர்களுக்கு தினசரி தேவை சுமார் 1.3 மில்லிகிராம்தான். தினமும் கிராம் கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு நரம்பு பாதித்து, கால் மரத்து, நடை தடுமாறியதை அமெரிக்க மருத்துவர்கள் 1983-லேயே எழுதிவிட்டார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பி6-க்கான தினசரி உச்சவரம்பை 25-லிருந்து 12 மில்லிகிராமாகக் குறைத்தது.

வேடிக்கை என்னவென்றால், கை கால் மரத்தால் பலர் தேடி ஓடுவதும் இதே மாத்திரையைத்தான்!

டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போடலாம். தானாகவே வாங்குகிறவர்கள், அட்டையில் விலையைப் பார்க்கும்போது பி6 எத்தனை மில்லிகிராம் என்பதையும் பார்க்கட்டும். சத்துக்கும் அளவு உண்டு.